மகஜரா, வாக்கெடுப்பா, திருப்பி அழைப்பதா?

எங்கள் ஒழுங்கையில் மதகு உடைந்து இரண்டு மாரி போய்விட்டது. 63 பேர் கையொப்பம் வைத்து பிரதேச சபைக்கு மகஜர் கொடுத்தோம். மேசையில் இருந்த பிள்ளை முத்திரை குத்தி, திகதி எழுதி, நகலைத் திருப்பித் தந்தார். அவ்வளவுதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பிலிப்பைன்ஸில் இதே 63 கையொப்பத்துக்குக் கனம் அதிகம். அங்கே 1991ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டப்படி, எங்கள் கிராம சேவையாளர் பிரிவு போன்ற அடிமட்ட அலகில் 50 வாக்காளர் சேர்ந்தால் ஒரு தீர்மானத்தைச் சபை முன் வைக்கலாம். நகராட்சியில் 100 பேர், மாகாணத்திலும் மாநகரத்திலும் 1,000 பேர் வேண்டும். 30 நாளுக்குள் சபை அசையாவிட்டால், மேலும் கையொப்பம் திரட்டி நேரே வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். மக்கள் முன்முயற்சி என்பது இதுதான், பல்லு வைத்த மகஜர்.

இரண்டாவது வழி சர்வசன வாக்கெடுப்பு. இலங்கையில் அந்தச் சொல்லுக்கே ஒரு கசப்பு உண்டு. நாடளாவிய வாக்கெடுப்பு ஒரே ஒருமுறைதான் நடந்தது, 1982 டிசம்பர் 22இல். அதுவும் தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதற்கு. சரி, அதை விடுவோம். உள்ளூரில் வைத்தால் என்ன?

வன்னிக்கு இது முற்றிலும் புதிதல்ல. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில், கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கான கூட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். குளத்தில் இத்தனை அடி தண்ணீர், இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் கணக்குச் சொல்வார். பின் வரிசையில் இருந்து, வாய்க்காலின் கடைசி முனையில் வயல் வைத்திருக்கும் கடைவாய்க்கால்காரர் எழும்புவார், "போன முறையும் எங்கட பக்கம் தண்ணி வரேல்லை." சத்தம் போட்டு, சமாதானமாகி, கடைசியில் கை உயர்த்தி முடிவெடுப்பார்கள். அந்த முடிவு அந்தப் போகத்துக்கு எல்லாரையும் கட்டும். தண்ணீருக்கு யார் உரித்தாளிகள் என்பது அங்கே தெளிவாக இருப்பதால்தான் இது நடக்கிறது.

அதே குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது அந்தத் தெளிவு போய்விட்டது. கிளிநொச்சியில் மட்டும் வாக்கெடுத்திருந்தால் முடிவு முதல் நாளே தெரியும். யாழ்ப்பாணத்தையும் சேர்த்து எடுத்திருந்தால் அதுவும் முதல் நாளே தெரியும். வாக்காளர் பட்டியலின் எல்லையைக் கீறுபவரே முடிவையும் எழுதிவிடுகிறார். கடைசியில் விவசாயிகளின் எதிர்ப்பால் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் வழிக்குத் திரும்பினார்கள்.

இன்னொரு சிக்கல். 2017இல் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவுச் சனம் வீதியோரம் குந்தியிருந்தது இராணுவம் வைத்திருந்த காணிக்காக. கிளிநொச்சியின் பொன்னாவெளியில் சனம் எதிர்த்தது சுண்ணக்கல் அகழ்வை. பிரதேச சபையின் கையில் இருப்பதோ பொதுச் சுகாதாரம், பொதுவழிகள், சந்தை, குப்பை. ஊரே ஒருமித்து வாக்களித்தாலும் சபையால் இராணுவ வேலியைப் பிடுங்க ஏலாது.

மூன்றாவது, திருப்பி அழைத்தல், அதாவது தெரிவானவரைப் பதவிக்காலம் முடியுமுன் வாக்காளரே நீக்குவது. இளைஞர்களுக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் இந்த அதிகாரம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது, எங்களிடம் இல்லை என்பதுதான் வித்தியாசம். ஒருவரின் கட்சி உறுப்புரிமை போனால் சபை ஆசனமும் போகும், ஆகவே அது கட்சிச் செயலாளரிடம் இருக்கிறது. பாதீடு, அதாவது வரவுசெலவுத் திட்டம், இரண்டாம் முறையும் தோற்றால் தவிசாளர் கதிரை போகலாம், ஆகவே சக உறுப்பினரிடமும் இருக்கிறது. 2020 டிசம்பரில் யாழ். மாநகர முதல்வர் பதவி அப்படித்தான் கைமாறியது. வாக்குப் போட்டவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் சக உறுப்பினரின் கையையும் வாக்காளரின் கையையும் கலந்திருக்கிறார்கள். நகரசபைத் தலைவரை நீக்க உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் தொடங்கி வைக்க வேண்டும், தீர்ப்பு வாக்காளருடையது. வாக்குச்சீட்டில் சின்னங்கள், நீக்க வெறும் நாற்காலி, வைத்திருக்க ஆள் இருக்கும் நாற்காலி. எனக்கு அந்தச் சின்னங்கள் நன்றாகப் பிடித்திருக்கிறது!

ஆனால் எங்கள் சபைகளில் 60 வீதம் வட்டாரத்தில் வென்றவர்கள், 40 வீதம் கட்சிப் பட்டியலில் வந்தவர்கள். பட்டியல்காரரை எந்த வட்டாரம் திருப்பி அழைக்கும்? தவிசாளரையும் நேரடியாக நாங்கள் தெரிவதில்லை. தோற்ற கட்சி அடுத்த நாளே கையொப்பம் சேர்க்கத் தொடங்கும் என்ற பயமும் எனக்கு உண்டு. பிலிப்பைன்ஸில் பதவியேற்று ஒரு வருடத்துக்குள்ளும், அடுத்த தேர்தலுக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள்ளும் திருப்பி அழைக்க முடியாது என்று வைத்திருப்பது சும்மா அல்ல. அப்புறம், 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை எங்கள் பக்கச் சபைகளில் தெரிவான உறுப்பினர்களே இல்லை, செயலாளர்கள்தான் நடத்தினார்கள். அந்த இரண்டு வருடமும் யாரைத் திருப்பி அழைத்திருப்போம்?

என் தெரிவு முதலாவதுதான், பல்லு வைத்த மகஜர். அதன் சின்ன வடிவத்துக்குப் பாராளுமன்றம் வரை போகத் தேவையில்லை. ஒரு வட்டாரத்தில் 50 பேர் கையொப்பமிட்டால் விடயம் அடுத்த மாதாந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயரோடு பதிய வேண்டும் என்று சபையே தீர்மானம் போட்டு நடக்கலாம். எங்கள் வட்டார உறுப்பினரிடம் இதைக் கேட்டிருக்கிறோம். மகஜரின் நகலையும் கொடுத்தோம், முத்திரை குத்திய திகதி தெரிகிற மாதிரி மடித்து.