க்யூ-காலர்: கழுத்தை அழுத்தினால் மூளை குலுங்காதா?

ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. அமெரிக்கக் கால்பந்தில் இருவர் மோதியதும் தலை சட்டென நின்றுவிடும், மூளை நிற்காது. அந்தக் குலுக்கலைக் குறைக்கத்தான் க்யூ30 இன்னோவேஷன்ஸ் நிறுவனத்தின் இந்தக் கழுத்து வளையம். விலை சுமார் 200 டாலர்.

சி வடிவம், திறப்பு தொண்டைப் பக்கம் வரவேண்டும். இருபுறமும் ஜுகுலர் சிரைகளை, அதாவது தலையிலிருந்து ரத்தத்தை இறக்கும் கழுத்து நரம்புகளை, லேசாக அழுத்தும். தலையிலிருந்து இறங்கும் ரத்தம் கொஞ்சம் தேங்கி, மூளையைச் சுற்றியுள்ள இடைவெளி குறையும் என்பது கணக்கு. ஓயாமல் மரத்தைக் கொத்தியும் மூளை கலங்காத மரங்கொத்தியை உதாரணம் காட்டுவதும் உண்டு. அதன் தலை அதிர்வைத் தாங்கும் மெத்தை இல்லை, விறைத்த சுத்தியல்தான் என்று 2022இல் ஓர் ஆய்வு வந்துவிட்டதால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு 2021 பிப்ரவரியில் அனுமதி தந்தது. பள்ளிக் கால்பந்து வீரர்கள் 284 பேருக்கு விளையாட்டுப் பருவத்துக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வளையம் போடாத 145 பேரில் 106 பேருக்கு மூளையின் ஆழத் திசுக்களில் குறிப்பிடத்தக்க மாற்றம். போட்ட 139 பேரில் 107 பேருக்கு அப்படி இல்லை. எண்கள் கவர்ச்சியானவைதான். ஆனால் கன்கஷன் எனும் மூளை அதிர்ச்சியையோ பலத்த தலைக்காயத்தையோ இது தடுக்கும் என்று தரவு காட்டவில்லை என அதே நிர்வாகம் எழுதியிருக்கிறது. படத்தில் தெரியும் மாற்றம் நாளைய நோயாகுமா என்பதும் நிரூபணமாகவில்லை. சி.டி.ஈ. எனும் மூளைச்சிதைவு பல ஆண்டுகள் வாங்கிய அடிகளின் விளைவு; கன்கஷன் அளவுக்குப் போகாத சின்ன அடிகளும் அதில் சேரும். இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள். இந்த ஆய்வு பார்த்ததோ ஒரே ஒரு பருவம்.

வாங்குபவர்கள் கழுத்துச் சுற்றளவை டேப்பால் அளந்தே சைஸ் எடுக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் சிரை அழுந்தாது. வளையம் வெறும் அலங்காரம்தான். வளரும் பையன்களுக்கு ஒவ்வொரு பருவத்திலும் மறுபடி அளக்கவும். 13 வயதுக்குக் கீழே கூடாது. ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது. 2 ஆண்டு பயன்பாட்டுக்குப் பின் மாற்றிவிட வேண்டும். கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய், வலிப்பு, மூளையில் அழுத்தம் கூடும் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. தோலில் அரிப்பு வரலாம்.

பெரிய ஆபத்து வளையத்தில் இல்லை, "அதான் போட்டிருக்கானே, மோதட்டும்" என்கிற பயிற்சியாளரிடம் இருக்கிறது. வாரத்தில் ஒரு மோதல் பயிற்சியைக் குறைத்தால் அத்தனை அடியும் மிச்சம், செலவும் இல்லை. அதைச் செய்துவிட்டு, கையில் பணமும் இருந்தால் வாங்கலாம். அடிபட்டுத் தடுமாறியவனை, வளையம் போட்டிருந்தாலும், அன்று மறுபடி களத்தில் இறக்கக்கூடாது.