புதுப்பேட்டையில் பவர் விண்டோ ரிப்பேர்: நம்பிப் போகலாமா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி ஏறவில்லை என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய், கதவின் உள்பக்கப் பேடைக்கூடக் கழட்டாமல் "மோட்டார் போச்சு, முழு செட்டும் மாத்தணும்" என்று சொன்னால், அங்கே வேலையைக் கொடுக்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் ஒரு சந்துக்குள், பெயர்ப்பலகைகூட இல்லாத ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் நடந்த வேலையைப் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என்னுடையது 2009 மாடல் சின்ன கார். வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். வண்டி நிற்பது தெருவில்தான், அதனால் உப்புக் காற்றும் மணல் தூசியும் அதற்குப் பழக்கம். ஐப்பசி மழை பிடிக்கிற நேரம் பார்த்து, அம்மா உட்காரும் முன் இடது பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. டிரைவர் கதவில் இருக்கும் ஸ்விட்சை அழுத்தினாலும், அந்தக் கதவிலேயே இருப்பதை அழுத்தினாலும் சத்தமே இல்லை. வீட்டருகே ஒரு வொர்க்‌ஷாப்பில் மோட்டாரோடு சேர்ந்த செட்டுக்கு 4,200 ரூபாய், கூலி 800, ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். அதுவரை பாலிதீன் ஒட்டி ஓட்டச் சொன்னார்கள். அலுவலக டிரைவர் ஒருவர் சொல்லித்தான் புதுப்பேட்டைக்குப் போனேன்.

கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் முதலில் ஸ்பானரை எடுக்கவில்லை. "சாவியப் போடுமா, உள்லைட்ட எரிய விடு. இப்ப ஸ்விட்ச அமுக்கு" என்றார். அழுத்தியதும் கூரை விளக்கின் வெளிச்சம் ஒரு துளி மங்கியது. விட்டதும் பழையபடி எரிந்தது. "பாத்தியா? கரண்ட் போகுது. ஃபியூஸ், ஸ்விட்ச், வயர் எல்லாம் நல்லாருக்கு. மோட்டார் சுத்தப் பாக்குது, முடியல. எதுவோ புடிச்சு வச்சிருக்கு."

இந்தச் சின்னச் சோதனையை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. விளக்கு மங்கினால் கோளாறு பெரும்பாலும் கதவுக்குள் இருக்கும் இயந்திரத்தில்; மங்கவே இல்லை என்றால் கரண்ட் போகும் வழியில், அல்லது மோட்டாருக்குள். அப்படி இருந்தால் ஃபியூஸுக்கு அடுத்து அவர் பார்க்கும் இடம், கதவும் பாடியும் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் குழாயாம். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, அதற்குள் போகும் வயர் வருஷக்கணக்கில் மடங்கி உள்ளேயே அறுந்துவிடும். ஸ்விட்ச் காண்டாக்ட் கரிபிடித்தும் நின்றுபோகும். வெறும் சுத்தம் செய்தாலே சரியாகும் கோளாறு அது. அதோடு, கண்ணாடி நகராதபோது ஸ்விட்சை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது என்றார். நின்றுபோன மோட்டார் சாதாரணமாக எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுத்துச் சூடாகும். பல மோட்டார்களுக்குள் சூடானால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு உண்டு. அது துண்டித்துவிட்டால் நல்ல மோட்டார்கூடச் செத்த மாதிரி தெரியும்.

பிறகுதான் பேடைக் கழட்டினார். கைப்பிடிக் குழிக்குள் மூடி போட்டு மறைத்த ஸ்க்ரூ, உள்பக்க லாக் பக்கத்தில் ஒன்று, மீதியெல்லாம் க்ளிப்புகள். வயசான பிளாஸ்டிக் என்பதால் இரண்டு க்ளிப் உடைந்தது. அதே அளவில் புதியது அங்கேயே கிடைத்தது. கண்ணாடி கீழே விழாமலிருக்க மேலே தூக்கி, கதவுச் சட்டத்தோடு டேப் ஒட்டி நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரை, அங்கே மெஷின் என்பார்கள், வெளியே எடுத்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டு விண்டிருந்தது. மெல்லிய எஃகு கேபிள் பிரிபிரியாகப் பிய்ந்து, உருளையில் சிக்குப் பிடித்த தலைமுடி போலச் சுற்றிக்கிடந்தது. மோட்டாரைத் தனியாகப் பிரித்து பேட்டரியில் நேராகக் கொடுத்தார். சர்ரென்று சுற்றியது. இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தார், எதிர்ப்பக்கம் சுற்றியது. ஏற்றுவதும் இறக்குவதும் அவ்வளவுதான், கரண்டின் திசை மாறுகிறது. 4,200 ரூபாய் செட்டில் எனக்குத் தேவையே இல்லாத பாதி எது என்று அப்போது புரிந்தது.

பழைய உதிரி விற்கும் கடையிலிருந்து அதே மாடலின் முன் இடது மெஷினை ஆள் அனுப்பி வாங்கி வந்தார்: 1,100 ரூபாய். இடது, வலது, முன், பின் நான்கும் வேறு வேறு, கழட்டியதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். கேபிள் இழையில் பிசிறு இல்லையா, பிளாஸ்டிக் துண்டில் கீறல் இல்லையா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கச் சொன்னார்.

நான் இந்தக் கடையை மெச்சுவது அடுத்து நடந்ததற்காக. வாங்கி வந்த மெஷினை உடனே மாட்டாமல், கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்கை விரலால் நெருடிக் காட்டினார். விறைத்துப்போய், உள்ளே மண்ணும் பழைய கிரீஸும் இறுகிக் கிடந்தன. யாரோ எப்போதோ கிரீஸ் தடவியிருக்கிறார்கள். தூசியெல்லாம் அதில் ஒட்டிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, அந்த இழுப்பு முழுவதும் கேபிள் தலையில் விழுந்திருக்கிறது. "இத விட்டுட்டு மெஷின் போட்டா அடுத்த மழைக்குத் திரும்ப வருவ" என்றார். துணியைக் குச்சியில் சுற்றிப் பள்ளம் முழுக்கத் துடைத்து, சிலிகான் ஸ்ப்ரே அடித்தார். சாதாரண எண்ணெயோ கிரீஸோ ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், அங்கே சிலிகான்தான் நல்லது. கதவின் அடியில் மழைநீர் வடியும் ஓட்டைகள் மண்ணால் அடைத்திருந்தன; கம்பியால் குத்தித் திறந்தார். பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளையும் பசை போட்டுத் திரும்ப ஒட்டினார். நிறைய இடங்களில் அதைக் கிழித்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், பிறகு கதவுக்குள் இறங்கும் தண்ணீர் கால்மிதிக்கு வந்துவிடுகிறது.

கூலி 600, ஸ்ப்ரே க்ளிப் எல்லாம் சேர்த்து 150. ஆக 1,850 ரூபாய். ஒரு மழைக்காலம் முழுக்க ஓடிவிட்டது, கண்ணாடி ஒரே சீராக ஏறி இறங்குகிறது.

குறையும் உண்டு. வேலை நடப்பது தெருவோரத்தில், மழை வந்தால் நின்றுவிடும். வண்டி நிறுத்த இடம் தேடியே பொறுமை போகும், சாயங்காலம் ஆதித்தனார் சாலைப் பக்கம் போகவே வேண்டாம், காலையில் போங்கள். பில் கிடையாது, பழைய உதிரிக்கு எழுத்தில் உத்தரவாதமும் கிடையாது, "ரெண்டு மாசத்துக்குள்ள ஏதாச்சும்னா வா" என்ற வாய்வார்த்தைதான். ஒரு நல்ல பழைய மெஷின் எத்தனை வருஷம் வரும் என்பதை அவரே உறுதியாகச் சொல்லவில்லை. பில் வேண்டும், உத்தரவாதம் வேண்டும் என்பவர்கள் புது மெஷினை மட்டும் தனியாக வாங்கிக் கொண்டுபோனால் மாட்டித் தருகிறார்.

நீங்களே வீட்டில் கழட்ட நினைத்தால் ஒரு எச்சரிக்கை: கேபிளுக்குப் பதில் கத்தரிக்கோல் மாதிரிக் கைகள் உள்ள பழைய மெஷின்களில் சுருள் ஸ்ப்ரிங் இருக்கும். கையை அசையாமல் கட்டிவைக்காமல் மோட்டாரை எடுத்தால் விசையோடு சுழன்று விரலை நசுக்கிவிடும்.

பீடிங் புதியது கிடைத்தால் வாங்கி வா, போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். டிரைவர் பக்கக் கண்ணாடியும் இப்போது ஏறும்போது கொஞ்சம் திணறுகிறது. கேபிள் அறுவதற்கு முன்பே இரண்டு பக்கத்துக்கும் ரப்பர் வாங்கிக்கொண்டு அங்கேயே போகப்போகிறேன்.