சுங்கை சிப்புட்டில் ஆம்புலன்ஸ் ஷிப்டுக்கு ஏற்ற ஒரு சாப்பாட்டுக் கடை

ஈப்போவிலிருந்து வந்தால், சுங்கை சிப்புட் பட்டணத்துக்குள் நுழையும் முனையிலேயே இந்த 24 மணி நேரக் கடை இருக்கிறது. மீன் குழம்பு சுமார்தான். சாம்பார் நன்றாக இருக்கும், தோசை முறுகலாக வரும், தே தாரிக்கில் சீனி தூக்கல். ருசியைத் தேடுகிறவர்களுக்குப் பட்டணத்துக்குள்ளேயே இதைவிட நல்ல கடைகள் உண்டு. ஆனால் ஷிப்டில் இருக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், உதவி மருத்துவ அதிகாரிக்கும், தாதிக்கும் இதற்கு ஈடான கடை இந்த வட்டாரத்தில் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

முதலில் வண்டி நிறுத்தும் இடம். வேன் வகை ஆம்புலன்ஸ் கூரை விளக்கோடு சேர்த்தால் இரண்டரை மீட்டர் உயரத்தைத் தொடும். பழைய கடைவரிசைகளில் முன்னால் இறக்கியிருக்கும் தகரக் கூரை பல இடங்களில் அதைவிடத் தாழ்வு. அவசரத்தில் வண்டியை உள்ளே விட்டால் விளக்கு உடையும், வண்டி ஒர்க்ஷாப்பில் படுக்கும், மிச்சமிருக்கும் வண்டிகளின் தலையில் அந்த வேலை விழும். இங்கே பக்கவாட்டில் சரளைக்கல் கொட்டிய திறந்த திடல். வண்டியின் முகம் சாலையைப் பார்க்கும்படி பின்னால் ஏற்றி நிறுத்தலாம். ஓரத்தில் வெள்ளை அடித்த இரண்டு டயர்களை வைத்து ஒரு வண்டி அளவுக்குக் கடைக்காரர் இடம் பிடித்து வைத்திருக்கிறார். மத்தியானம் லோரிகள் வரிசை கட்டி நின்றாலும் அந்த இடத்தை யாருக்கும் விடுவதில்லை. உட்காரும் மேசையிலிருந்து வண்டியின் பக்கக் கதவு நேராகத் தெரிகிறது. மருந்துப் பெட்டியும் ஆக்சிஜனும் உள்ளே இருக்கும் வண்டியைக் கண் மறைவில் விட முடியாது. பல குழுக்கள் எந்தக் கடைக்கும் போகாமல் முன் சீட்டிலேயே விழுங்கி முடிப்பதற்கு அதுதான் பெரிய காரணம்.

கை கழுவும் தொட்டி வாசலிலேயே இருக்கிறது. முழங்கையால் தட்டித் திறக்கும் நீளக் கைப்பிடிக் குழாய், சுவரில் திரவ சோப், பக்கத்தில் காகிதத் துண்டு. வயிற்றுப்போக்கு நோயாளியைத் தூக்கி வந்த கைக்கு ஆல்கஹால் தடவுவது போதாது. நோரோ வைரஸை அது சரியாகக் கொல்வதில்லை, ரத்தமோ சேறோ ஒட்டிய கையில் அதற்கு வேலையும் இல்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் குறைந்தது 40 விநாடி வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் விழுந்தவரை ஏற்றி வந்தால் பூட்ஸ் முழுக்கச் சேறாக இருக்கும். அதைக் கழுவ வெளியில் தனிக் குழாய் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கடையின் உண்மையான கெட்டிக்காரத்தனம் பரிமாறும் முறையில் இருக்கிறது. சீருடையோடு வந்தவரிடம் “சாப்பிடவா, கட்டவா?” என்று கேட்பதில்லை. தட்டின் மேல் எண்ணெய்க் காகிதம், அதன் மேல் வாழை இலைத் துண்டு, அதன் மேல் சோறு. அழைப்பு வந்தால் நான்கு மூலையையும் மடித்து ரப்பர் பேண்டு போட்டால் பொட்டலம் தயார். குழம்பைச் சோற்றில் ஊற்றுவதில்லை. சின்னப் பிளாஸ்டிக் பையில் முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்பித் தருகிறார்கள். வாய் வரை நிரப்பிய பை லாசா சாலையில் ஒரு குழியில் இறங்கினாலே வெடிக்கும், அப்புறம் முன் சீட்டில் ஒரு வாரம் புளி வாடை போகாது. பையைக் கட்டும்போது அக்கா ரப்பர் பேண்டின் கடைசிச் சுற்றில் ஒரு சின்னக் காதை வெளியே விடுகிறார். அந்தக் காதைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் முழுவதும் அவிழ்ந்துவிடும். மற்ற கடைகளில் இறுக்கிக் கட்டிய பையைப் பல்லால் கடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. நோயாளியைத் தொட்டுவிட்டு வந்த கையில் பிடித்த பையை வாயில் வைப்பது எவ்வளவு கெட்ட பழக்கம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கட்டிய சாப்பாட்டை எப்போது சாப்பிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரைக்குமான சூட்டில் கிருமி பெருகும். வெயிலில் நிற்கும் வண்டி முழுக்க முழுக்க அந்தச் சூட்டில்தான் இருக்கும். 4 மணி நேரத்தைத் தாண்டிய சோற்றை, அதிலும் தேங்காய்ப் பால் சேர்த்த நாசி லெமாக்கை, எறிந்துவிட வேண்டும். திரும்பச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. சோற்றில் வளரும் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமி விட்டுப்போகும் நச்சு சூட்டுக்கு அழியாது. மருந்து வைக்கும் குளிர்பெட்டியில் சாப்பாட்டை வைக்கவே கூடாது, நோயாளி படுக்கும் பகுதியிலும் சாப்பிடக் கூடாது. உள்ளே தூரமாகப் போகும் அழைப்பு என்று தெரிந்தால் சோற்றை விட்டுவிட்டு அவித்த முட்டை, எமாஸ் வாழைப்பழம், கச்சான் கேட்டு வாங்குங்கள். மூன்றும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இரவு 2 மணிக்கு மேல் பெரிய தட்டுச் சோறு வேண்டாம், அது தூக்கத்தை இழுத்து வரும். இரண்டு தோசையும் முட்டையும் போதும். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும் என்பதால், 7 மணிக்கு ஷிப்ட் முடிகிறவர் 2 மணிக்கு மேல் கோப்பி குடித்தால் வீட்டுக்குப் போயும் சரியாகத் தூங்க மாட்டார். தூக்கம் இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 2020-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நம் நாட்டில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பும் அதே அளவுதான். டபுள் ஷிப்ட் பார்த்த ஓட்டுநரிடம் நோயாளியைக் கொடுத்து ஈப்போவுக்கு 30 கிலோமீட்டர் அனுப்புகிற மேற்பார்வையாளர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தது ரசீது. இந்தக் கடையைப் பற்றி எழுதுவதற்கே அதுதான் முக்கியக் காரணம். ஆர்டர் கொடுக்கும்போதே காசு வாங்கிக்கொண்டு, தேதியும் மணியும் நிமிடமும் அச்சிட்ட ரசீதைக் கொடுத்துவிடுகிறார்கள். தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு அந்தத் துண்டுக் காகிதம் சம்பளப் பிரச்சினையில் சாட்சியாக நிற்கும்.

1955 வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு சொல்வது இது: 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். 30 நிமிடத்துக்குக் குறைந்த ஓய்வு அந்தத் தொடர்ச்சியை முறிக்காது. காலை 7 மணிக்கு வேலை தொடங்கி, 11.30-க்குச் சாப்பிட உட்கார்ந்து, 11.52-க்கு அழைப்பு வந்து எழுந்து ஓடினால், அந்த 22 நிமிடத்துக்குச் சட்டத்தின் கணக்கில் மதிப்பில்லை. 7 மணியிலிருந்து ஓடும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆள் விலக முடியாத தொடர் வேலைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 8 மணி நேரம் வரை தொடர்ந்து வேலை வாங்கலாம், ஆனால் அதற்குள் மொத்தம் 45 நிமிடமாவது சாப்பிட வாய்ப்புத் தர வேண்டும். நிறுவனங்கள் இந்த விதிவிலக்கின் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும், இரண்டாம் பாதியை விட்டுவிடும்.

அதே பிரிவில், பலர் படிக்காமல் விடும் ஒரு வரி இருக்கிறது. வேலை நேரம் என்றால் தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரம், தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம் என்கிறது அது. இடுப்பில் வாக்கி-டாக்கியோடு, வண்டியைப் பார்த்தபடி, எந்த நிமிடமும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருப்பவர் தன் வசத்தில் இருக்கிறாரா? இல்லை என்பதே எங்கள் கருத்து. அந்த நேரத்தை ஓய்வு என்று கழிப்பது நியாயமே இல்லை.

கழிப்பது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஷிப்ட் 12 மணி நேரம். ஆள் உட்கார்ந்தாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை, கணினி தானாகவே ஓய்வு நேரத்தைக் கழித்துவிடுகிறது. மாதச் சம்பளம் 2,080 வெள்ளி என்று வையுங்கள். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 80 வெள்ளி. வழக்கமான வேலை நேரம் 8 மணி என்றால் ஒரு மணிக்கு 10 வெள்ளி. ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலைக்கான கூலி, ஒன்றரை மடங்கு, 15 வெள்ளி. எடுக்காத அரை மணி ஓய்வைக் கழித்தால் ஒரு ஷிப்டுக்கு 7 வெள்ளி 50 சென் போகிறது. மாதம் 15 ஷிப்ட் என்றால் 112 வெள்ளி 50 சென். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து வாடகை வீட்டில் குடும்பம் நடத்தும் இளைஞருக்கு அது மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும்.

“இது அவசர வேலை, சட்டம் விலக்கு தந்திருக்கிறது” என்ற பதில் உடனே வரும். சமூகத்தின் வாழ்வுக்கு அவசியமான வேலையில் நேர வரம்பைத் தாண்டச் சொல்லச் சட்டம் இடம் கொடுப்பது உண்மை. கூலி கொடுக்காமல் இருக்க அது இடம் கொடுக்கவில்லை. 2023 ஜனவரி 1 முதல் வார வரம்பு 45 மணி நேரம். ஷிப்ட் வேலையில் மூன்று வாரச் சராசரி அதைத் தாண்டக் கூடாது. ஓ.டி. உரிமை மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, ஓய்வு உரிமையோ அதற்கு மேல் வாங்குகிறவர்களுக்கும் உண்டு. அரசாங்க மருத்துவமனை ஊழியர்கள் இந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை, அவர்களுக்குப் பொதுச் சேவை விதிகள் தனி.

ரசீதை வாங்கியதும் கைப்பேசியில் படம் எடுங்கள். அந்த மெல்லிய காகிதத்தில் எழுத்து வெயிலில் சில வாரத்திலேயே மங்கிவிடும். அழைப்பு வந்த மணியையும் வண்டிப் பதிவேட்டில் கிளம்பிய மணியையும் அதே நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். ரசீது 1.10, அழைப்பு 1.16 என்றால் யாரும் மறுத்துப் பேச முடியாது. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். வாயால் சொன்னது நிற்காது. பதில் இல்லையென்றால் ஈப்போவில் லேபர் ஆபீஸ் இருக்கிறது, புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. தனியாகப் போவதைவிட ஒரே ஷிப்டில் இருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவது நல்லது, பதிவேடுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2018 நவம்பரில் இதே விஷயத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டது. தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் ஓய்விலும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று முடிவானது. தொழிலாளர்களுக்கு அது பின்னடைவுதான். ஆனாலும் அந்தச் சட்டத்திலேயே, அழைப்பால் கலைந்த ஓய்வை ஓய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியாவது நம் நிறுவனங்களின் ஷிப்ட் விதிகளில் வர வேண்டும்.

கடைக்குத் திரும்புவோம், குறைகளும் உண்டு. சுவர் விசிறிகளின் சத்தத்தில் வாக்கி-டாக்கி சரியாகக் கேட்பதில்லை, தொலைக்காட்சியும் போட்டுவிட்டால் சுத்தமாகக் கேட்காது. கல்லாவுக்கு வலப்பக்கம் உள்ள கடைசி மேசையில் உட்காருங்கள், அங்கே விசிறி இல்லை. கழிப்பறை சுத்தம்தான், தரை மட்டும் எப்போதும் ஈரம், பூட்ஸ் வழுக்கும். ஆனாலும் அதைப் பயன்படுத்துங்கள். கழிப்பறை கிடைக்காது என்று ஷிப்ட் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டி, சிறுநீர்த் தொற்றில் படுப்பவர்கள் இந்தத் தொழிலில் அதிகம், பெண்கள் இன்னும் அதிகம். தண்ணீர்ப் புட்டியைச் சும்மாவே நிரப்பித் தருகிறார்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

மத்தியானம் 12.30 முதல் 1.30 வரை தோட்டத்து ஆட்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து வருவதால் வரிசை நீளும். அந்த நேரத்தில் போன் செய்துவிட்டு வந்தால் காகிதத்தில் போட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். திங்கட்கிழமை பகல் 3 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டும் கடை மூடல். அன்றைக்கு மாலை ஷிப்டில் இருப்பவர்கள் 2.45-க்குள் கட்டி வாங்கிவிடுங்கள், சோற்றுக்குப் பதில் சப்பாத்தியும் கெட்டிப் பருப்பும்.