14416: தமிழில் கேட்டு, தெருவின் பெயரையும் புரிந்துகொண்ட மனநல சேவை

கடந்த ஒன்றரை ஆண்டுகளில் நான் இரண்டு மனநல சேவைகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்று, நான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம் ஊழியர்களுக்காகக் கட்டணம் செலுத்தி வைத்திருக்கும் ஒரு தனியார் செயலி. மற்றொன்று, 14416 என்ற எண்ணில் இயங்கும் அரசின் இலவசத் தொலைபேசி சேவை. இந்த மதிப்புரை இரண்டாவதைப் பற்றியது என்றாலும், முதலாவதில் எனக்கு எது கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இரண்டாவதன் அருமையை விளக்க முடியாது.

நான் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. புதிய குழுவில் சேர்ந்த இரண்டாவது வாரம், மதிய உணவு மேசையில் மூத்த சக ஊழியர் ஒருவர் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "அட, எங்க சித்தப்பா வீடு அங்கதான். நீங்க ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் பேருந்து நிலையம் கிடையாது. புளியமரத்தடியில்தான் பேருந்து நின்று போகும். அதை அவருடைய சித்தப்பா ஒரு நொடியில் சொல்லிவிடுவார் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் வீடு இருப்பது ஊருக்குத் தெற்கே, வாய்க்காலைத் தாண்டி, ஊரார் 'காலனி' என்று சொல்லும் பகுதியில். வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரண ஆங்கிலச் சொல். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்த எவருக்கும் அது பட்டியல் சாதியினரின் குடியிருப்பைச் சொல்கிறது என்று தெரியும். அந்தச் சொல் இழிவின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். ஆனால் மேசையில் யாரும் சாதியைக் கேட்பதில்லை. ஊரைக் கேட்பார்கள், தெருவைக் கேட்பார்கள், குலதெய்வத்தைக் கேட்பார்கள், வீட்டில் கறி சமைப்பீர்களா என்று கேட்பார்கள். ஒவ்வொரு கேள்வியும் தனித்தனியாகப் பார்த்தால் அன்பான விசாரிப்பு; கேட்கப்படுபவனுக்கு மட்டும் அது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே தெரியும்.

அதன்பின் ஒரு மணிக்குச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மூன்று மணிக்குத் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தேன். இரவு இரண்டு, மூன்று மணிவரை விழித்திருப்பேன். அன்று யாரிடம் என்ன சொன்னேன், முன்பு சொன்னதோடு அது ஒத்துப்போகிறதா என்று மனம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். வயிற்றெரிச்சல் வந்தது, வேலையில் பிழைகள் வந்தன. தொலைபேசியில் என் குரலைக் கேட்ட அம்மா, "யாரு என்னடா சொன்னா?" என்று மட்டும் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த நிலையில்தான் நிறுவனத்தின் செயலியைத் திறந்தேன். அது முதலில் பி.எச்.க்யூ-9 என்ற வினாப்பட்டியலைக் கொடுத்தது. மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் அந்தப் பட்டியலில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம், பசி, ஆர்வம், சோர்வு எப்படி இருந்தன என்று கேட்டு, 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும். அறிகுறிகளை அளப்பதே அதன் வேலை. அதை அது ஒழுங்காகச் செய்கிறது. என் குறை, சேவை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்பதுதான். காணொளியில் வந்த ஆலோசகர் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு ஆங்கிலத்தில் வேலை செய்ய வரும், அழ வராது. 'காலனி' என்பதையும் 'எந்தப் பக்கம்' என்பதையும் அந்த மொழியில் விளக்கப் போனால் அவற்றின் கூர்மை முழுவதும் உதிர்ந்துபோனது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது சாதாரண விசாரிப்புதான், நான் தேவைக்கு மேல் யோசிக்கிறேன் என்றார்; தினமும் நன்றி சொல்லத்தக்க மூன்று விஷயங்களை எழுதிவைக்கச் சொன்னார்; மூச்சுப் பயிற்சியும் கற்றுக்கொடுத்தார். மூச்சுப் பயிற்சி உண்மையிலேயே உதவியது. ஆனால் நான்கு அமர்வுகளின் முடிவில், பிரச்சினை மேசையில் இல்லை, என் தலைக்குள்தான் இருக்கிறது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். உறக்கம் இன்னும் குறைந்தது.

14416-ஐ ஒரு அரசுப் பேருந்தின் பின்புற விளம்பரத்தில் பார்த்தேன். 'டெலி மானஸ்' என்ற தேசியத் திட்டத்தின் எண் அது. 2022 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கப்பட்டது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இதன் தலைமை நிறுவனம். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அறிமுகமானது. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை, தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். முதல் அடுக்கில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பேசுவார்கள். தேவைப்பட்டால் இரண்டாம் அடுக்கில் உள்ள உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ, அல்லது மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பார்கள்.

விடுதியின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றபடி, இரவு பதினொன்றரை மணிக்கு அழைத்தேன். பேசியவர் பெண், குரலில் தென்மாவட்டச் சாயல் இருந்தது. பெயர் சொல்ல விருப்பமில்லையென்றால் விட்டுவிடலாம் என்றார். தூக்கம் வரவில்லை என்று ஆரம்பித்து, சுற்றி வளைத்துப் பத்து நிமிடம் பேசியபின் பேருந்து நிலையப் பொய்யைச் சொன்னேன். அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. பிறகு, "பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னப்போ, உங்களுக்கு எந்தத் தெரு ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டார். காலனி என்றேன். "சரி, புரியுதுங்க தம்பி" என்றார். வேறு விளக்கம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. மாதக்கணக்கில் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை ஒரே சொல்லில் சொல்லவும், அதை எதிர்முனையில் ஒருவர் முழுதாக வாங்கிக்கொள்ளவும் முடிந்தது. அன்று நான் அழுதேன். அவர் இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தார்.

இது அந்த ஒரு ஆலோசகரின் நல்ல மனத்தைப் பொறுத்த விஷயம் மட்டுமல்ல என்பதைப் பின்னால் படித்துத்தான் அறிந்தேன். அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003-இல், தற்பால் ஈர்ப்பு கொண்டவர்களின் மனநலத்தை விளக்க 'சிறுபான்மையினர் மன அழுத்தம்' என்ற கருத்தை விரிவாக வைத்தார். ஒருவர் மீது நேரடியாக நிகழும் பாகுபாடு மட்டும் அழுத்தம் அல்ல. அது எந்த நேரமும் நிகழலாம் என்று காத்திருப்பதும், அடையாளத்தை மறைத்து வாழ்வதும், சமூகத்தின் இழிவான மதிப்பீட்டை மெல்ல மெல்லத் தானே ஏற்றுக்கொள்வதும் அழுத்தங்களே என்பது அவர் வாதம். என்னை யாரும் திட்டவில்லை, யாரும் ஒதுக்கவில்லை. ஆனாலும் நான் ஏன் நோயுற்றேன் என்ற கேள்விக்கு மேயரின் பட்டியலில் விடை இருந்தது. நான் காத்திருந்தேன், மறைத்தேன், கடைசியில் குற்றம் என்னுடையதே என்று ஏற்றுக்கொண்டேன். எனக்குக் கிடைத்த முதல் ஆலோசனை இந்த மூன்றாவதைத்தான் வலுப்படுத்தியது என்பதை எண்ணும்போது இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசின் மனநல சேவையைப் பெறும் உரிமையில் பாலினம், பாலியல் நாட்டம், மதம், சாதி, வர்க்கம், மாற்றுத்திறன் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பாகுபாடு காட்டாமல் இருப்பது வேறு, பாகுபாடு ஒருவருக்கு என்ன செய்தது என்று கேட்கத் தெரிந்திருப்பது வேறு. எனக்குத் தேவைப்பட்டது இரண்டாவது.

இரண்டாவது அழைப்புக்குப் பிறகு மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். ஓ.பி. சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் காத்திருந்து மருத்துவரைப் பார்த்தேன். உறக்கத்துக்குச் சிறிது காலம் மாத்திரை தந்தார். அதோடு அங்கிருந்த உளவியலாளரிடம் தொடர்ந்து வரச் சொன்னார். சாதியை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள் என்று அவர்கள் யாரும் என்னைத் தூண்டவில்லை. சொல்வதும் சொல்லாததும் என் முடிவு, எங்கே சொல்வது பாதுகாப்பு என்பதை நானே தீர்மானிக்கலாம், ஆனால் பொய்யைக் காவல் காக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ள வழி தேடலாம் என்பதுதான் பேச்சின் சாரம். இப்போது 'எந்தப் பக்கம்' என்று கேட்டால், "ஏங்க கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்கப் பழகியிருக்கிறேன். முதல் முறை குரல் நடுங்கியது. ஒரு மணி மேசைக்கு நான் திரும்பி ஐந்து மாதங்களாகின்றன.

இதையெல்லாம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "அதைத்தானேடா நானும் கேட்டேன்" என்றார்.

இந்த சேவையை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, தனியார் அமர்வு ஒன்றுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுக்க முடியாதவர்களுக்கு, முக்கியமாகத் தம் துன்பத்தைத் தாய்மொழியில் மட்டுமே சொல்ல முடிகிறவர்களுக்கு. நீண்டகால நேர்முக சிகிச்சைக்கு எந்தத் தொலைபேசிச் சேவையும் மாற்றாகாது. அதற்கான வாசலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டும். விடுதியிலோ கூட்டுக் குடும்பத்திலோ இருப்பவர்கள் முதலில் பேசுவதற்குத் தனிமையான இடத்தைத் தேடிக்கொள்வது நல்லது. பக்கத்தில் ஆள் இருந்தால் உண்மையான காரணம் வாயில் வராது.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எனக்குப் புரிந்துகொள்ளும் ஒருவர் கிடைத்தார். அதை அதிர்ஷ்டத்தின் பொறுப்பில் விடக்கூடாது. சாதி, பாலினம், மதம், பாலியல் நாட்டம் ஆகியவை உறக்கத்தையும் பசியையும் எப்படித் தொடுகின்றன என்பதும், ஊர், தெரு, குலதெய்வம் என்ற கேள்விகள் கேட்கப்படுபவருக்கு எப்படி ஒலிக்கின்றன என்பதும், அரசு சேவையானாலும் தனியார் செயலியானாலும், எல்லா ஆலோசகர்களின் பயிற்சியிலும் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும். அந்தப் பாடத்தை எழுதுபவர்களில் காலனியிலிருந்து வந்தவர்களும் இருக்க வேண்டும்.