படகு என்ஜினுக்குத் தேவகோட்டையில் ஒரு நல்ல பட்டறை

தொண்டிக் கரையில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான ஃபைபர் படகில் பூட்டியிருப்பது பழைய அவுட்போர்டு என்ஜின், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் வகை. டூ ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர், 25 குதிரைத்திறன். வெறும் படகாக ஓட்டினால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் ஆள்களும் வலையும் ஏறிய பிறகு ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினால், சிறிது தூரம் நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு சோர்ந்துவிடும். முதலில் காட்டிய இடத்தில் எதையும் சோதிக்காமல் பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவிப் பணம் வாங்கிக்கொண்டார்கள், கோளாறு தீரவில்லை. அதன்பின் உறவினர் ஒருவர் சொல்லித்தான், பம்புசெட் என்ஜின்களோடு படகு என்ஜின்களையும் பழுது பார்க்கும் தேவகோட்டைப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம்.

மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேள்விதான் கேட்டார். வேகம் குறையும்போது என்ஜின் சத்தம் கூடுகிறதா, குறைகிறதா? சத்தம் மட்டும் ஏறிப் படகு நகராவிட்டால் புரொப்பல்லரின் (தண்ணீரைத் தள்ளும் விசிறியின்) உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது என்று பொருள். சத்தமும் சேர்ந்து இறங்கினால் பெட்ரோல், பொறி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) ஆகிய மூன்றில் ஒன்றைத் தேட வேண்டும். எங்களுடையது இரண்டாம் வகை. இரண்டு சிலிண்டரிலும் கேஜ் வைத்துப் பார்த்ததில் கம்ப்ரஷன் ஏறக்குறைய சமமாக இருந்தது. பொறியும் இரண்டிலும் நன்றாக வந்தது. "அண்ணே, தொட்டித் தண்ணியில வச்சு ஓட்டினா இது தெரியாது, கடல்ல இழுக்கும்போதுதான் பார்க்கணும்" என்று சொல்லித் தொண்டிக்கே வந்துவிட்டார்.

கடலில் அவர் செய்த சோதனை மிக எளிது. என்ஜின் சோர்ந்த நொடியில் பெட்ரோல் குழாயில் இருக்கும், பெட்ரோலை என்ஜினுக்குத் தள்ளும் ரப்பர் பல்பைக் கையால் அழுத்தி அழுத்தி விட்டார். வேகம் உடனே திரும்பியது. கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான் என்பது அதிலேயே உறுதியாயிற்று. டாங்க் மூடியின் காற்றுத் துளை திறந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, பல்புக்கும் என்ஜினுக்கும் நடுவே கண்ணாடி போன்ற ஒரு துண்டுக் குழாயைச் சொருகினார். வேகம் கூட்டியதும் அதில் வரிசையாகக் காற்றுக் குமிழிகள் ஓடின. டாங்கில் மாட்டும் கனெக்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருந்தது; கிளிப்புக்கு அடியில் குழாய் வெடித்திருந்தது. இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது என்று கூறி, குழாய், பல்பு ஆகியவற்றோடு என்ஜினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்பின் டயாஃப்ரத்தையும் (மெல்லிய சவ்வையும்) மாற்றச் சொன்னார்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்துதான் ஆயிலும் உள்ளே போகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முன்பு பார்த்தவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது முழுச் சுமையிலும் என்ஜின் சீராக இழுக்கிறது.

கூலி நியாயமானது, தொண்டிக்கு வந்துபோகும் செலவு தனி. ஒருவரே எல்லா வேலையும் பார்ப்பதால் காத்திருக்க நேரும். ரசீதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜெக்ஷன் என்ஜின்களை அவர் எடுப்பதில்லை. செல்பவர்கள் என்ஜினோடு தங்கள் டாங்கையும் குழாயையும் கட்டாயம் கொண்டுசெல்ல வேண்டும். பட்டறை டாங்கில் பூட்டி ஓட்டினால் இத்தகைய கோளாறு வெளியே தெரியாது.