ராக்கெட், லிஃப்ட், பீரங்கி, கவண்: விண்வெளிக்குப் போக எது எடுபடும்?

"இவ்வளவு பெரிய ராக்கெட்டை எரித்துத்தான் மேலே போக வேண்டுமா, ஒரு லிஃப்ட் கட்டிவிட்டால் என்ன?" இந்தக் கேள்வியைச் சின்னப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், பொறியியல் படித்தவர்களும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் பதில் சொல்கிறவர்கள் பலரும் "அவ்வளவு நீளக் கயிறு கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அதில் எனக்கு எப்போதும் ஒரு குறை. கயிற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் விண்வெளிக்குப் போவது என்றால் என்ன என்று கேட்டாக வேண்டும். அது உயரமா, வேகமா?

ஒரு கிலோ எடையுள்ள ஒரு பொருளை 400 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள், சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய அங்கேதான் சுற்றுகிறது. வெறுமனே தூக்க மட்டும் ஆகிற ஆற்றலைக் கணக்குப் போட்டால் சுமார் ஒரு யூனிட் மின்சாரம். அவ்வளவுதான். ஆனால் தூக்கிவிட்டுக் கையை எடுத்தால் கல் மாதிரி கீழே வந்துவிடும், ஏனென்றால் அந்த உயரத்திலும் ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. விழாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமானால் பக்கவாட்டில் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகம் வேண்டும், அந்த வேகத்துக்கு மட்டும் சுமார் எட்டு யூனிட் ஆகும். உயரத்துக்கு ஒன்று, வேகத்துக்கு எட்டு. விண்வெளி வீரர்கள் மிதப்பதும் ஈர்ப்பு இல்லாததால் இல்லை, விழுந்துகொண்டே இருக்கிறார்கள், பக்கவாட்டு வேகத்தால் பூமியைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆகவே எந்தப் புது யோசனை வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த எட்டு யூனிட்டை யார் தருகிறார்கள்?

ராக்கெட் முழுவதையும் தானே தருகிறது, அதனால்தான் அது அப்படிப் பெருத்துக் கிடக்கிறது. 1903-இல் ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட ராக்கெட் சமன்பாடு இன்றைக்கும் மாறவில்லை. வேதி எரிபொருளிலிருந்து வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்கு 3 முதல் 4.5 கிலோமீட்டர் வரைதான், ஆனால் காற்றின் தடையையும் ஈர்ப்போடு மல்லுக்கட்டுவதில் வீணாவதையும் சேர்த்தால் தேவைப்படுவது நொடிக்கு 9.4 கிலோமீட்டர் அளவு வேகம், எனவே எரிபொருளைத் தூக்க எரிபொருள், அதைத் தூக்க இன்னும் எரிபொருள் என்று எடை ஏறிக்கொண்டே போகிறது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் கிளம்பும்போது 549 டன், சில நூறு கிலோமீட்டர் உயரத்துத் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு அதிகபட்சம் கொண்டுபோவது 22.8 டன், அதுவும் கீழ்ப்பகுதியைத் திரும்ப எடுக்காமல் விட்டால். நூறு கிலோவில் நான்கு கிலோ.

இதைக் கேட்டவுடன் ராக்கெட்டே ஒரு முட்டாள்தனம் என்று தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் செலவில் எரிபொருளின் பங்கு சிறியது, ஒவ்வொரு முறையும் இயந்திரத்தையே தூக்கி எறிந்ததுதான் பெரிய செலவு. 1981 முதல் 2011 வரை பறந்த நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் திரும்பி வந்தது, ஆனால் வந்த பிறகு என்ஜினையும் ஆயிரக்கணக்கான வெப்பத்தடுப்பு ஓடுகளையும் பரிசோதித்து மறுபடி தயார் செய்வதிலேயே பணமும் மாதங்களும் போயின. 2015 டிசம்பரில் ஃபால்கன் 9-இன் கீழ்ப்பகுதி நின்ற நிலையில் தரையிறங்கியது, இப்போது ஒரே கீழ்ப்பகுதி இருபது தடவைக்கு மேல் பறப்பது வழக்கமாகிவிட்டது. 2024 அக்டோபரில் அதே நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் கீழ்ப்பகுதியைக் கோபுரத்தின் இரண்டு கைகள் அந்தரத்திலேயே பிடித்தன. லிஃப்டை ராக்கெட்டோடு ஒப்பிடுகிறவர்கள் பலர் அப்போலோ காலத்து ராக்கெட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். போட்டி இப்போது வேறு ஆளோடு.

சரி, லிஃப்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1895-இல் ஈஃபில் கோபுரத்தின் யோசனையில் கிளம்பி, விண்வெளி வரை ஒரு கோபுரம் கட்டினால் என்ன என்று எழுதியவரும் அதே சியோல்கோவ்ஸ்கிதான். கோபுரம் என்றால் தன் எடையிலேயே நசுங்கிவிடும். 1960-இல் யூரி அர்ட்சுதானோவ் என்ற சோவியத் பொறியாளர் அதைத் தலைகீழாக்கினார்: கீழிருந்து கட்டாதே, மேலிருந்து தொங்கவிடு. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிவர சரியாகப் பூமியின் ஒரு சுழற்சி நேரம் எடுக்கும், எனவே தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கும். அங்கிருந்து ஒரு கயிற்றைக் கீழே இறக்கு, சமநிலைக்கு இன்னொரு கயிற்றை வெளிப்பக்கமாக நீட்டு, கீழ்முனை தரையைத் தொட்டதும் கட்டிவிடு. கயிறு எப்போதும் விறைப்பாகவே நிற்கும். 1975-இல் அமெரிக்கப் பொறியாளர் ஜெரோம் பியர்சன் இதையே தனியாகக் கணக்குப் போட்டு வெளியிட்டார்.

இதில் அழகு எங்கே என்றால், பக்கவாட்டு வேகத்துக்கு நாம் எதையும் எரிக்க வேண்டியதில்லை. கயிற்றில் ஏற ஏறப் பூமியின் சுழற்சியே நம்மைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது, 35,786 கிலோமீட்டரை எட்டும்போது நொடிக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகம் தானாக வந்திருக்கும், அந்த உயரத்தில் விழாமல் சுற்ற அது சரியாகப் போதும். ஏறுவதற்கு மின்சாரம் போதும், எரிபொருள் தொட்டியே வேண்டாம். 1,00,000 கிலோமீட்டர் நீளக் கயிற்றின் நுனிக்குப் போய்க் கையை விட்டால் பூமியின் பிடியிலிருந்தே கழன்று செவ்வாய் வரை போகிற வேகம் கிடைக்கும்.

ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. லிஃப்டில் 400 கிலோமீட்டர் ஏறி, பக்கத்தில் போகிற விண்வெளி நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. அந்த உயரத்தில் கயிற்றின் பக்கவாட்டு வேகம் நொடிக்கு அரை கிலோமீட்டர், நிலையம் 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து போகிறது. அங்கே கதவைத் திறந்து வெளியே வந்தால் நேராகக் கீழேதான். விழாமல் தப்பிக்கவே சுமார் 23,000 கிலோமீட்டருக்கு மேல் ஏறி விட வேண்டும். அதாவது தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு லிஃப்ட் நேர்வழி கிடையாது, அது தொலைதூரப் பயணத்துக்கான வழி. 2012-இல் ஜப்பானின் ஒபயாஷி கட்டுமான நிறுவனம் அறிவித்த திட்டத்தில் கயிறு 96,000 கிலோமீட்டர், ஏறும் வண்டியின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர், 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற அந்தப் புவிநிலைச் சுற்றுப்பாதைக்குப் போக ஏழரை நாள். நடுவில் பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்கள் கிடக்கின்றன, அப்போலோ வீரர்கள் அவற்றைச் சில மணி நேரத்தில் தாண்டினார்கள், லிஃப்டில் நாள்கணக்காகும். சரக்குக்குப் பரவாயில்லை, மனிதருக்குக் கனமான கவசம் வேண்டும்.

அப்புறம் கயிறு. ஒரு பொருளைக் கயிறாக்கித் தொங்கவிட்டால் எவ்வளவு நீளத்தில் தன் எடையிலேயே அறுந்துவிடும் என்று ஒரு கணக்கு உண்டு. குண்டு துளைக்காத சட்டைகளில் வருகிற கெவ்லார் இழைக்கு அது சுமார் 250 கிலோமீட்டர். ஒரே தடிமனில் லிஃப்ட் கட்ட ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் தாங்க வேண்டும் (மேலே போகப் போக ஈர்ப்பு குறைவதால்தான் 36,000 என்பது 5,000 ஆகச் சுருங்குகிறது). நடுவில் தடிமனாகவும் முனைகளில் மெல்லியதாகவும் செய்தால் இந்தத் தேவை இன்னும் இறங்கும், ஆனால் கெவ்லாருக்கு எட்டுகிற அளவுக்கு இறங்காது. கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாயான கார்பன் நானோகுழாய் தனி இழையாக அந்த வலிமைக்கு அருகில் வருகிறது என்பது உண்மை, ஆனால் 2013-இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் வளர்த்த மிக நீளமான குழாயே அரை மீட்டர் அளவுதான். பல குழாய்களை முறுக்கிக் கயிறாக்கினால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிவிடும், வலிமை பாதாளத்துக்குப் போய்விடும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. புவிநிலைப் பாதைக்குக் கீழே சுற்றுகிற ஒவ்வொரு செயற்கைக்கோளும், ஒவ்வொரு உடைந்த துண்டும், பூமத்திய ரேகையின் தளத்தை ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கடந்தே ஆக வேண்டும். கயிறோ அங்கே ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். என்றைக்காவது ஏதாவது ஒன்று வந்து மோதாமல் இருக்காது. எவ்வளவு வலிமையான இழை கண்டுபிடித்தாலும் தீராத சிக்கல் இது.

பீரங்கிக்கு வந்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். இது வெறும் கற்பனை இல்லை, செய்து பார்த்திருக்கிறார்கள். 1960-களில் ஜெரால்டு புல் என்ற கனடாப் பொறியாளர் ஹார்ப் என்ற திட்டத்தில் 16 அங்குலக் கப்பல் பீரங்கிகளின் குழாயை நீட்டி மேல்நோக்கிச் சுட்டார், 1966 நவம்பரில் அரிசோனாவின் யூமாவில் ஒரு குண்டு 180 கிலோமீட்டர் உயரம் போனது. விண்வெளியைத் தொட்டது என்றே சொல்லலாம். தொட்டது, திரும்பி விழுந்தது. ஒரு யூனிட்டில் பாதிதான் கிடைத்தது, எட்டு யூனிட் பக்கமே போகவில்லை. அப்படியே வேகம் கிடைத்தாலும், சுதந்திரமாகப் பறக்கிற எந்தப் பொருளின் சுற்றுப்பாதையும் அது கிளம்பிய புள்ளி வழியாகத்தான் திரும்ப வரும், அந்தப் புள்ளி தரையில் இருக்கிறது. எனவே மேலே போனதும் தள்ளிவிட ஒரு சின்ன ராக்கெட் கட்டாயம் வேண்டும். மனிதரை அனுப்புவதானால்? உடல் தாங்குகிற அளவாக ஈர்ப்பின் 3 மடங்கு முடுக்கத்தில் அந்த வேகத்தை எட்ட, பீரங்கிக் குழாய் ஆயிரம் கிலோமீட்டர் நீளம் இருக்க வேண்டும்.

கவண் இதற்குத் தம்பி. ஸ்பின்லாஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம் நியூ மெக்சிகோவில் 33 மீட்டர் விட்டமுள்ள வெற்றிட அறைக்குள் ஒரு கையைச் சுழலவிட்டு, 2021 அக்டோபரில் முதல் பொருளை மேலே எறிந்து காட்டியது. அவர்கள் நினைக்கிற 100 மீட்டர் கவண் நொடிக்குச் சுமார் 2.1 கிலோமீட்டர் வேகம் தரும். உள்ளே இருக்கிற பொருள் தாங்க வேண்டியது ஈர்ப்பின் 10,000 மடங்கை ஒட்டிய விசை, 200 கிராம் கைபேசி இரண்டு டன் கனக்கும். மின்னணுச் சுற்றுகளைக் கெட்டியாக வார்த்துவிட்டால் தாங்கும், பீரங்கிக் குண்டுகளுக்குள்ளேயே மின்னணுக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் 2.1 கிலோமீட்டர் வேகம் என்பது ஆற்றல் கணக்கில் அந்த எட்டு யூனிட்டில் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். மீதிக்கு உள்ளே ஒரு ராக்கெட் இருக்க வேண்டும், அந்த ராக்கெட்டும் அதே 10,000 மடங்கைத் தாங்க வேண்டும். துணிச்சலான வேலை, எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு, ஆனால் கீழ்ப்பகுதி திரும்பி வந்து நிற்கிற காலத்தில் மிச்சப்படுத்துவது போதாது.

சுற்றுப்பாதையில் சுழலும் நீளக் கயிறு கீழே வந்து, பாதி வேகத்தில் வருகிற ஊர்தியைக் கொக்கி போட்டுத் தூக்கும் யோசனை ஒன்றும் உண்டு. தேவையான வலிமை லிஃப்டை விடப் பலமடங்கு குறைவு. ஆனால் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் கயிறு தன் வேகத்தை இழந்து தாழும், அதை யாராவது ஈடுகட்ட வேண்டும். விண்வெளியில் நாம் நீட்டிப் பார்த்த கயிறுகளில் மிக நீளமானது 2007-இல் ஐரோப்பிய மாணவர்கள் செய்த யெஸ் 2, 31.7 கிலோமீட்டர். 1996-இல் ஷட்டிலில் இருந்து விட்ட கயிறு 20 கிலோமீட்டரை நெருங்கும்போது மின்பொறியால் அறுந்தே போனது. அனுபவம் இவ்வளவுதான், எனவே இதற்கு இப்போது மதிப்பெண் போட நான் தயாராக இல்லை.

பூமியிலிருந்து கிளம்ப என்றால் என் ஓட்டு தயங்காமல் திரும்பி வருகிற ராக்கெட்டுக்குத்தான், மனிதருக்கும் சரி, சரக்குக்கும் சரி.

ஆனால் நிலவுக்குப் போய் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், எல்லாம் மாறிவிடுகிறது. அங்கே காற்று இல்லை, ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, தப்பிக்கும் வேகம் நொடிக்கு 2.4 கிலோமீட்டர். பூமியில் போதாமல் போன அதே கவண் வேகம் அங்கே ஏறக்குறையப் போதுமானது. அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்டு ஓநீல் 1970-களிலேயே மின்காந்தத் தண்டவாளத்தில் நிலவு மண்ணை எறிகிற கருவியின் மாதிரியைச் செய்து காட்டினார். ஈர்ப்பின் 100 மடங்கு முடுக்கத்தைத் தாங்குகிற சரக்கு என்றால் மூன்று கிலோமீட்டர் தண்டவாளம் போதும், மனிதருக்கே நூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். லிஃப்டும் அப்படித்தான். நிலவுக்கும் பூமிக்கும் இடையே இரண்டின் ஈர்ப்பும் சுற்றும் இயக்கமும் சேர்ந்து சமன்படுகிற புள்ளி வழியாகப் பூமியை நோக்கித் தொங்குகிற கயிறு 50,000 கிலோமீட்டரைத் தாண்டும், நீளத்தில் பூமி லிஃப்டுக்கு இளைத்ததில்லை, ஆனால் தாங்க வேண்டிய எடை மிகக் குறைவு என்பதால் இன்று ஆலைகளில் நெய்கிற இழைகளே போதும் என்று 2005-இல் நாசாவுக்காகச் செய்த ஆய்வில் பியர்சன் காட்டினார். பூமியைச் சுற்றுகிற குப்பையும் அதன் பெரும்பகுதியைத் தொடாது. லிஃப்ட் கட்டலாமே என்று கேட்ட பிள்ளையிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: கட்டலாம், முதல் முடிச்சை நிலவில் போட வேண்டும், அந்தக் கயிற்றுச் சுருளை அங்கே கொண்டுபோக ஒரு ராக்கெட் வேண்டும்.