லோகன் ஏர்போர்ட் கிளம்பும் முன் மாஸ்511 கேமரா பார்ப்பது பிரயோஜனமா?

பாஸ்டனுக்கு மேற்கே ஃப்ரேமிங்ஹாம், வெஸ்ட்பரோ, ஷ்ரூஸ்பரி பக்கம் குடியிருப்பவர்களுக்கு லோகன் ஏர்போர்ட் என்றாலே மாஸ் பைக்தான், அதாவது ஐ-90 நெடுஞ்சாலை. கிழக்கே ஓட்டிக்கொண்டே போனால் டெட் வில்லியம்ஸ் டனல் வரும், அதில் இறங்கி கடலுக்கு அடியில் போய் மறுபக்கம் ஏறினால் டெர்மினல். சியாட்டலில் கிளம்பி நாட்டையே குறுக்கே தாண்டி வரும் சாலை முடிவதும் இங்கேதான். ஆக வழியில் குழப்பமே கிடையாது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதில்தான் எல்லாக் குழப்பமும். கிளம்பும் முன் மாசசூசெட்ஸ் மாநிலப் போக்குவரத்துத் துறையின் மாஸ்511 தளத்தைத் திறந்து கேமராப் படங்களைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கூகுள் மேப் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டிலேயே கேட்கிறார்கள், அதனால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிய கேமரா வேண்டாம், மேப் போதும். ஏன் நிற்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியத்தான் கேமரா. மேப்பில் சிவப்புக் கோடு என்றால் சிவப்புக் கோடு, அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. கேமராவில் எல்லா லேனிலும் வண்டிகள் ஒரே மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் அது வழக்கமான ஆபீஸ் நேரக் கூட்டம், ஊர்ந்தாவது போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு லேன் மட்டும் அடைத்து, முன்னால் போலீஸ் வண்டியின் நீல விளக்கு தெரிந்தால் கதையே வேறு. பத்து நிமிடத்தில் விடவும் விடலாம், இன்னும் மோசமாகவும் ஆகலாம். ஆளை இறக்கிவிடப் போகிறவர் உடனே கிளம்பிவிட வேண்டும், கூட்டிவரப் போகிறவர் இன்னொரு காபி குடித்துவிட்டுப் போகலாம்.

இந்த டனலில் போவதற்கு இரண்டு லேன், வருவதற்கு இரண்டு லேன், அவ்வளவுதான். ஓரமாக ஒதுங்கி நிற்கத் தாராளமாக இடம் கிடையாது. பால்டிமோரில் செய்த 12 ராட்சத இரும்புக் குழாய்களைக் கடல் வழியாகக் கொண்டுவந்து, துறைமுகத்தின் தரையில் வெட்டிய பள்ளத்தில் ஒவ்வொன்றாக இறக்கி ஒட்டவைத்த பாதை இது, நினைத்த நேரத்தில் அகலப்படுத்த முடியாது. 1995 டிசம்பரில் திறந்தபோது கிட்டத்தட்ட டாக்சி, பஸ், சரக்கு வண்டிகளுக்காகத்தான் இருந்தது. 2003-ல் மாஸ் பைக்கை இதுவரை நீட்டி இணைத்த பிறகுதான் எல்லோருக்கும் முழுசாகத் திறந்தார்கள். சாயங்காலம் இதற்குள் நுழைபவர்கள் எல்லோரும் ஏர்போர்ட் போகிறவர்கள் என்று நினைக்காதீர்கள், ரிவியர் பக்கம் 1ஏ சாலையில் வீட்டுக்குப் போகும் கூட்டமும் இதே இரண்டு லேனில்தான் வருகிறது. உள்ளே ஒரு வண்டி டயர் பஞ்சரானால் போதும், பின்னால் வருபவர்கள் அத்தனை பேருக்கும் ஒற்றை லேன்தான். கடலுக்கு அடியில் ஜிபிஎஸ் சிக்னலும் நேராக வந்து சேராது, மேப்பை அங்கே முழுசாக நம்ப முடியாது.

அதற்காக டனலுக்குள் இருக்கும் கேமராவைத் தேடி ஓடாதீர்கள். உள்ளே எப்படி இருந்தாலும், அது தெரிந்து நாம் ஏதாவது செய்ய முடிகிற இடம் வெளியேதான் இருக்கிறது. நான் பார்ப்பது டனலுக்கு முன்னாலேயே வரும் ஆல்ஸ்டன் பக்கத்துக் கேமராக்களும், ஐ-93 பிரியும் இடமும். ஐ-93-ஐத் தாண்டினால் மிச்சம் இருப்பது சவுத் பாஸ்டன் எக்ஸிட் மட்டும்தான், அதையும் விட்டால் டனலே கதி. அதற்கு முன்னால் தெரிந்தால் டவுன்டவுன் வழியாக கேலஹன் டனலைப் பிடிக்கலாம், 1961-ல் திறந்த பழைய டனல், நகரத்திலிருந்து ஏர்போர்ட் பக்கம் போக மட்டும். திரும்பி வரும் போக்குவரத்துக்கு அதன் ஜோடியாக 1934-ன் சம்னர் டனல். போகும்போது சம்னர் கேமராவைப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமே இல்லை.

கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும். சாலைக் கேமராக்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து திருப்ப முடியும், அதனால் நேற்று கிழக்கே பார்த்தது இன்றும் கிழக்கே பார்க்கும் என்று சொல்ல முடியாது. இங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடுவதால், படத்தின் வலது பாதியில் இருப்பவை கேமராவை விட்டு விலகிப் போகிறவை, சிவப்புப் பின்விளக்கு தெரியும். இடது பாதியில் எதிரே வருபவை, வெள்ளை ஹெட்லைட். சரி, விலகிப் போவது எந்தத் திசையில்? ஆல்ஸ்டன் படத்தில் தூரத்தில் ப்ருடென்ஷியல் டவரும் பழைய ஹான்காக் கண்ணாடிக் கட்டடமும் தெரிந்தால் கேமரா கிழக்கே பார்க்கிறது, அந்தச் சிவப்பு விளக்கு வரிசையில்தான் நாம் போய் நிற்கப் போகிறோம். மழை ராத்திரியில் இந்தக் கணக்கெல்லாம் பலிக்காது, ஈரத் தார்ச்சாலையில் விளக்கு வெளிச்சம் பரவி எல்லாமே ஒரே பளபளப்பாகத் தெரியும்.

ஓட்டும்போது இதைப் பார்க்கவே கூடாது. மாசசூசெட்ஸில் 2020 பிப்ரவரியிலிருந்து வண்டி ஓட்டும்போது போனைக் கையில் வைத்திருப்பதே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், தபால்தலை அளவுப் படத்தில் நீல விளக்கைத் தேடிக்கொண்டே ஓட்டுவது மடத்தனம். வீட்டில் ஒரு தடவை, அப்புறம் மாஸ் பைக் ஓரமாக இருக்கும் ஓய்விடமான நேட்டிக் பிளாசாவில் வண்டியை நிறுத்தி இன்னொரு தடவை. பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் பார்க்கட்டும். வழியில் பயண நேரம் காட்டும் பலகைகளும் இருக்கின்றன, அதற்குக் கையே தேவையில்லை.

இதே கேமராக்களைக் காட்டுவதாகச் சொல்லும் வேறு ஆப்களும் உண்டு. அப்படி ஒன்றைப் போனில் போட்டு வைத்திருந்தேன், பேர் வேண்டாம். விளம்பரத்தை மூடி, இன்னொரு விளம்பரத்தை மூடி, உள்ளே போனால் வெளியே கொட்டுகிற மழைக்குச் சம்பந்தமே இல்லாமல் காய்ந்து கிடக்கும் சாலை. எப்போது எடுத்த படம் என்று எங்கேயும் போடவில்லை. நேரடிப் படம் என்று சொல்லி நேற்றைய படத்தைக் காட்டுவதற்கு ஒன்றும் காட்டாமலே இருக்கலாம், காலிச் சாலையைப் பார்த்து நம்பிக் கிளம்பிவிடுவோமே. மாஸ்511 தளம் இலவசம், சாலை வேலை, விபத்து அறிவிப்பெல்லாம் கேமராவோடு அதே வரைபடத்தில் வந்துவிடுகிறது. ராத்திரிகளில் டனல் பராமரிப்புக்காக லேன் அடைப்பதையும் அங்கேதான் முதலில் பார்ப்பேன், பின்னிரவு விமானத்துக்கு அது கேமராவைவிட முக்கியம்.

கேமரா எவ்வளவு நன்றாக இருந்தாலும் டனல் அடைத்தால் அடைத்ததுதான். சவுத் ஸ்டேஷனிலிருந்து சில்வர் லைன் பஸ் பிடித்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: அந்தப் பஸ்ஸும் இதே டெட் வில்லியம்ஸ் டனலில், இதே லேனில்தான் நிற்கும். நிஜமாகவே தப்பிக்க ப்ளூ லைன் ரயில்தான், அதற்குத் துறைமுகத்துக்கு அடியில் 1904-லிருந்தே தனிச் சுரங்கம் இருக்கிறது. 2023 கோடையில் சம்னர் டனலை ரிப்பேருக்காக மூடியபோது ப்ளூ லைனில் டிக்கெட்டே வேண்டாம் என்று விட்டார்கள். ஆனால் துபாய், தோஹா வழியாக அப்பா அம்மா ஆளுக்கு இரண்டு பெட்டியோடு வந்து இறங்கும்போது ரயிலைப் பற்றிப் பேச முடியாது, கார்தான்.

அந்த மாதிரி நாட்களில் என் சிபாரிசு: விமானம் இறங்கிய செய்தி வந்த பிறகு கேமராவைப் பாருங்கள். டெர்மினல் ஈ-யில் வீல்சேர் வந்து, இமிக்ரேஷன் முடிந்து, பெட்டி வந்து, ஊறுகாய் இருக்கிறதா என்று கஸ்டம்ஸில் கேட்டு முடிக்க நேரம் ஆகும். அதற்குள் கேலஹனா டெட் வில்லியம்ஸா என்று நிதானமாக முடிவு செய்யலாம். திரும்பும்போது மறக்காமல் மேற்கு நோக்கிய பக்கத்தைப் பாருங்கள், போகும்போது காலியாக இருந்தது என்பதை வைத்து வரும் வழியைக் கணக்குப் போட முடியாது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது மழை ராத்திரிக்காக.